மேடை வேண்டாம், விழாவுக்குப் போய் வாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 37. கோவையில் ஒரு தனியார் கல்லூரியின் கணக்குப் பிரிவில் வேலை. ஐந்து வருடமாக டிரைபல் பெல்லி டான்ஸ் கற்றுவருகிறேன். முதலில் இணைய வகுப்பு; இப்போது மாதம் இரண்டு முறை பெங்களூரு போய் வருகிறேன். வருகிற மே மாதம் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஒரு சிறிய ஊரில் நாலு நாள் விழா நடக்கிறது. பகலில் ஒர்க்‌ஷாப், இரவில் ஆட்டம். ஓபன் ஸ்டேஜில் ஐந்து நிமிடம் ஆடினால் விழாக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்கிறார்கள். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை ரிசார்ட்டிலும் கல்யாண சங்கீத்திலும் ஆடுவேன். ஐயாயிரம், பத்தாயிரம் கிடைக்கும். கையில் நாலரை லட்சம் சேமிப்பு இருக்கிறது. கணவருக்குச் சம்மதம். ஒன்பது வயதில் ஒரு மகள். மாமனார்தான், "ஆதிவாசி நடனம் கத்துக்க அமெரிக்காவுக்கா போகணும்?" என்கிறார். விசா கிடைக்குமா? தனியாகப் போகலாமா? ஆட்டத்துக்கான நகை, உடை எல்லாம் கொண்டுபோகலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்; வெள்ளிச் சரம் என் பாட்டியுடையது. – எஸ்., கோவை.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

விசா, பணம், நகை என்று நீங்கள் வரிசையாகக் கேட்டவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இடத்தில்தான் எனக்குக் கண் நின்றது: அந்த ஐந்து நிமிட மேடை, பாதிக் கட்டணத் தள்ளுபடி, அப்புறம் அந்த ஐயாயிரம் பத்தாயிரம். முதலில் அதைப் பேசிவிடுவோம்.

அமெரிக்கச் சுற்றுலா விசாவான பி2வில் உங்களுக்குச் சாதகமாக ஒரு விதி தெளிவாகவே இருக்கிறது. பட்டத்துக்குச் சேராத, பொழுதுபோக்குக்கான குறுகிய காலப் பயிற்சியில் சேரலாம். அவர்களே கொடுக்கும் உதாரணம், விடுமுறைக்கு வந்த இடத்தில் இரண்டு நாள் சமையல் வகுப்புக்குப் போவது. நாலு நாள் நடன ஒர்க்‌ஷாப்பும் அந்த ரகம்தான். ஆக, கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று தலை நிமிர்ந்தே சொல்லலாம்.

மேடை வேறு கதை. பணம் வாங்காமல் ஆடும் அமெச்சூர் கலைஞர்களுக்கும் பி2வில் இடம் உண்டு. ஆனால் அமெச்சூர் என்றால் யார் என்பதில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். வழக்கமாகவே சன்மானம் வாங்காமல் ஆடுபவர்தான் அமெச்சூர். ஊரில் பணம் வாங்கி ஆடிவிட்டு, "அங்கே மட்டும் சும்மா ஆடுகிறேன்" என்றால் அந்தச் சலுகை பொருந்தாது. அதுவே உங்கள் பிழைப்பாக இல்லாவிட்டாலும் பொருந்தாது. ரிசார்ட்டில் வாங்கிய ஐயாயிரம் இப்படித்தான் குறுக்கே வந்து நிற்கிறது. போதாக்குறைக்கு, ஆடினால் பாதிக் கட்டணம் என்பதை ஒரு அதிகாரி சன்மானமாகவே படிக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் படிப்பேன்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். சில வருடங்களுக்கு முன்பு நடன ஆசிரியை ஒருவருக்கு நான்தான் விண்ணப்பம் போட்டேன். அக்கா வீட்டுக்குப் போகிறார், கூடவே ஒரு தமிழ் விழாவில் சிறிய நிகழ்ச்சி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "எதற்குப் போகிறீர்கள்?" என்று கேட்டதும், அவர் அக்காவை விட்டுவிட்டு, "புரோகிராம் இருக்கு சார்" என்று ஆரம்பித்துவிட்டார். அடுத்த இரண்டு கேள்வி, கையில் ஒரு தாள், வெளியே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அந்த நிகழ்ச்சிக்கு அந்த விசா சரியா என்று முதலிலேயே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து ஆட்டம், பாட்டு என்று யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: மேடை ஏறுகிறீர்களா?

"சரி, ரிசார்ட் கதையை நான் சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். டிஎஸ்-160 விண்ணப்பத்தில் கடந்த ஐந்து வருடமாக நீங்கள் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளைக் கேட்கிறார்கள். உங்கள் இன்ஸ்டாகிராம் முகப்பில் "நிகழ்ச்சிகளுக்கு டிஎம் செய்யவும்" என்ற வரி இருக்கிறதா, பாருங்கள். ஆடுகிற பெண்கள் பாதிப் பேர் பக்கத்தில் இருக்கிறது. அதை அவசர அவசரமாக அழிக்கச் சொல்லவில்லை. கணக்கையே மறைப்பது அதைவிட மோசம். பொய் சொன்னதாகப் பதிவாகிவிட்டால் அந்தக் கறை ஆயுசுக்கும் போகாது. உங்களுடையது கணக்கு வேலை, நடனம் பக்கத்தில் ஓடுகிறது, எப்போதாவது பணமும் வருகிறது. கேட்டால் அதை அப்படியே சொல்லுங்கள். இந்தப் பயணத்தில் மேடை இல்லை என்பதையும் உண்மையாகவே சொல்லும்படி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எனவே விழாக்காரர்களுக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: ஓபன் ஸ்டேஜ் வேண்டாம், தள்ளுபடியும் வேண்டாம், முழுக் கட்டணம் கட்டி ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் வருகிறேன். வாசலில் டிக்கெட் கிழித்தால், நாற்காலி அடுக்கினால் வகுப்பு இலவசம் என்று சில விழாக்களில் ஒரு திட்டம் வைத்திருப்பார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு நல்ல திட்டம்தான். உங்களுக்கு அது வேலை, கிடைப்பது கூலி, தொடாதீர்கள். மேடை ஏறியே ஆக வேண்டும் என்றால், அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். அது என் எல்லைக்கு வெளியே.

மேடையை விட்டால் விழாவில் என்ன மிச்சம் என்று நினைக்காதீர்கள். வேறு எந்த நடனமாக இருந்தாலும் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க மாட்டேன். உங்கள் நடனம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற நடனம் இல்லையே. எல்லோரும் ஒரே அசைவுகளைக் கற்று வைத்திருக்கிறீர்கள். கொஞ்சம் ஒருபக்கமாகத் திரும்பி நின்று, முன்னால் நிற்பவரின் கையையும் தோளையும் பார்க்கிறீர்கள். அவர் கை உயர்கிற தினுசிலேயே அடுத்து என்ன என்று தெரிந்து, பின்னால் இருக்கிற மூன்று பேரும் அதே நொடியில் திரும்புகிறார்கள். நடுவில் தலைமை கை மாறுகிறது. ஒத்திகை கிடையாது. டோக்கியோவிலிருந்து வந்தவரும் நீங்களும் ஒரு வார்த்தை பேசாமலே ஐந்து நிமிடம் ஆடிவிடலாம். இதைப் பெங்களூரில் அதே ஆறு தோழிகளோடு எத்தனை நாள் ஆடினாலும் ருசி பார்க்க முடியாது. ஒர்க்‌ஷாப் முடிந்து, கூடத்தில் ஸ்பீக்கர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் தானாகக் கூடி ஆடுவார்கள், பாருங்கள், அதற்குத்தான் நீங்கள் இவ்வளவு செலவு செய்து போகிறீர்கள். அங்கே பார்வையாளர் கிடையாது, டிக்கெட் கிடையாது, எந்த அதிகாரிக்கும் அதில் கேள்வி கிடையாது.

உங்கள் மாமனாருக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பெயரில் டிரைபல் என்று இருப்பதால் ஏதோ காட்டுக்குள் இருக்கும் ஆதிவாசிகளின் நடனம் என்று நினைக்கிறார், பாவம். அப்படி ஒரு குலமே இல்லை என்று சொல்லுங்கள். இது கலிஃபோர்னியாவில் பிறந்தது. ஜமீலா சலிம்பூர் 1968இல் 'பால் அனாட்' என்ற குழுவை அங்கே, ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைப் போல வேடமிட்டு நடத்துகிற ஒரு சந்தையில் ஆட வைத்தார். அவரிடம் கற்றவர் மாஷா ஆர்ச்சர். மாஷாவிடம் கற்ற கரோலினா நெரிச்சியோ 1987இல் சான் பிரான்சிஸ்கோவில் 'ஃபேட்சான்ஸ் பெல்லிடான்ஸ்' குழுவைத் தொடங்கினார். இந்தக் கூட்டு ஆட்ட முறை அங்கே வளர்ந்து, அமெரிக்கன் டிரைபல் ஸ்டைல் என்று பெயர் பெற்றது. அந்த டிரைபல் என்ற சொல் சரியில்லை என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு எழுந்து, 2020இல் அந்தக் குழு நடனத்தின் பெயரையே, தன் பெயரின் முதலெழுத்துகளை வைத்து, எஃப்சிபிடி ஸ்டைல் என்று மாற்றிக்கொண்டது. குச்சிப்புடி கற்க விஜயவாடா பக்கம் போகிற மாதிரி, இதற்குச் சான் பிரான்சிஸ்கோ பக்கம். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லலாம். உங்கள் மாமனார் சிரிக்கிற ஆள் என்றால் மட்டும். அந்தக் குழுவின் பெயர் எப்படி வந்தது தெரியுமா? பெல்லி டான்ஸ் என்றதும் சில ஆண்கள் தனியாக ஆடிக் காட்டுவீர்களா என்று கேட்டு வருவார்களாம். அதற்குப் பதில்தான் ஃபேட் சான்ஸ். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், "நடக்கிற காரியமா, போய்யா!"

பெயர் விஷயம் நேர்காணலிலும் வரும். டிரைபல், பெல்லி என்றெல்லாம் ஆரம்பித்தால் விளக்கிக்கொண்டே நிற்க வேண்டும். அங்கே கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். "கலிஃபோர்னியாவில் நாலு நாள் நடன ஒர்க்‌ஷாப். மாணவியாகப் போகிறேன். மேடையில் ஆடவில்லை. பிறகு மூன்று நாள் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறேன்." இது போதும். என்ன நடனம் என்று கேட்டால் பெயரைச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள். சென்னையில் தமிழிலேயே நேர்காணல் கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறும் என்றால் தயங்காமல் தமிழ் கேளுங்கள்.

கிடைக்குமா என்றால், உறுதி என்று சொல்கிற ஏஜென்ட்டிடம் போகாதீர்கள். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, நீங்கள் அங்கேயே தங்கிவிட வருகிறவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். திரும்பி வருவேன் என்று நம்ப வைப்பது உங்கள் பொறுப்பு. நிரந்தர வேலை, கல்லூரியின் விடுப்புக் கடிதம், இங்கேயே இருக்கிற கணவர், பள்ளிக்கூடம் போகிற மகள் எல்லாம் உங்கள் பக்கம். தனியாகப் போகிறீர்களே என்று பயப்பட வேண்டாம். குடும்பத்தை இங்கே வைத்துவிட்டுப் போவது இந்த இடத்தில் பலம்தான். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரத்தையும் கடிதங்களையும் ஒரு கோப்பில் வையுங்கள். பல சமயம் அதைத் திறந்தே பார்க்க மாட்டார்கள், வாயால் கேட்டே முடிவு செய்துவிடுவார்கள். இருந்தாலும் கையில் இருக்கட்டும். விழாவின் அழைப்புக் கடிதம் கட்டாயம் இல்லை. கட்டணம் கட்டிய ரசீதும் வகுப்பு அட்டவணையும் போதும்.

விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், கிடைக்காவிட்டாலும் திரும்பாது. இதோடு இன்னொரு 250 டாலர் சேர்க்க 2025இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் கட்டும் நாளில் எவ்வளவு என்று அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். கைரேகை, புகைப்படத்துக்கு ஒரு நாள், ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்துத் தூதரகத்தில் நேர்காணல் ஒரு நாள். கோவையிலிருந்து வருகிறவர் இரண்டையும் அடுத்தடுத்த நாளில் போட்டுக்கொண்டால் ஒரே ரயில் செலவோடு போயிற்று. நேர்காணல் தேதிக்குப் பல மாதம் காத்திருக்க நேரலாம், மே மாத விழாவுக்கு இப்போதே உட்காருங்கள். தேதி கிடைக்கவே இல்லை என்றால் ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் இந்த நடனத்துக்கு விழாக்கள் உண்டு. பிரிட்டன் பார்வையாளர் விசாவில் 30 நாள் வரை பொழுதுபோக்குப் பயிற்சிக்கு அனுமதி இருக்கிறது. ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும்.

விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட் வாங்காதீர்கள். விழா அனுமதி வேறு. பெயர்பெற்ற ஆசிரியரின் வகுப்பு சீக்கிரமே நிரம்பிவிடும், காத்திருந்தால் இடம் போய்விடும். அதனால் விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா, வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள். நாலரை லட்சம் தாராளம் இல்லை, ஆனால் போதும். டிக்கெட்டுக்கு லட்சத்துக்கு மேல் ஒதுக்குங்கள். அறையை வேறு மாணவிகளோடு பகிர்ந்துகொள்ள விழாக்காரர்களே ஆள் சேர்த்துவிடுவார்கள். சிறிய ஊர் என்றால் பேருந்தை நம்ப முடியாது; விமான நிலையத்திலிருந்து காரில் யாரோடு போகிறீர்கள் என்பதையும் அவர்களிடமே கேட்டு முடித்துவிடுங்கள். காப்பீட்டில் மட்டும் கை சுருக்க வேண்டாம். நடனத்தில் கால் பிசகினால் செல்லுமா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள், அந்த ஊரில் ஒரு எக்ஸ்ரேவே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

இனி நகை. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த கூச்சி நகைகளைப் பார்த்தேன். ஆப்கன் நாடோடிகளின் பதக்கம், காசு கோத்த இடுப்புப் பட்டை, கனமான காப்பு. போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குள் போனால் பாதுகாப்புச் சோதனையில் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவதற்குள் விமானம் போய்விடும். உள்ளே இருப்பது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பைக்குள் தனித்தனியாகப் பரப்பிக் கைப்பையில் வையுங்கள், உருண்டையாகச் சுருட்டினால் எக்ஸ்ரேயில் கறுப்புக் கட்டியாகத் தெரிந்து திறக்கச் சொல்வார்கள். ஜில்களும், அதாவது விரலில் மாட்டும் அந்தச் சிறு தாளங்களும், கைப்பையிலேயே. ஊக்குப் பெட்டி மட்டும் பெரிய பெட்டிக்கு. பாவாடை 25 கஜம் என்றால் அது ஒன்றே பெட்டியை அடைக்கும். இருந்தாலும் ஒரு சோளி ரவிக்கையும் ஒரு இடுப்புப் பட்டையும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி துபாயிலேயே தங்கிவிட்டாலும் முதல் வகுப்புக்குப் போகலாம்.

படத்தில் தலைப்பாகையில் மயிலிறகு செருகியிருந்தீர்களே, அதை வீட்டிலேயே விடுங்கள். மயிலிறகையும் அதில் செய்த பொருட்களையும் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பத் தடை இருக்கிறது. தந்தம், பவளம், ஆமை ஓடு எதுவும் கலந்திருக்கக் கூடாது. அந்த வெள்ளிச் சரம் பாட்டியுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். எவ்வளவு பழையது? நூறு வருடத்துக்கு மேல் என்றால் 1972ஆம் வருடச் சட்டப்படி அது தொல்பொருள், நாட்டை விட்டு எடுத்துப் போக முடியாது. சந்தேகம் இருந்தால் அதுவும் பீரோவிலேயே இருக்கட்டும்.

அங்கே மே மாதத்தில் நம்மைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். விழாவுக்கு முதல் நாள் இரவு போய் இறங்கினால் காலை வகுப்பில் உங்கள் உடம்புக்கு நடுராத்திரி. இடுப்பு ஒரு கணக்கிலும் ஜில் ஒரு கணக்கிலும் போகும். இரண்டு நாள் முன்னாலேயே போய்விடுங்கள். ஒரே கூடத்தில் நாற்பது பேர் ஜில் அடித்தால் காது என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, காதடைப்பான் இரண்டு ஜோடி வையுங்கள். மகளுடைய பழைய சாக்ஸை வெட்டி ஜில்லுக்கு உறை போட்டால், அறைத் தோழி தூங்கும்போதும் பழகலாம்.

கடைசியாக ஒன்று. அங்கே ஆடுகிறவர்கள் பலர் நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அணியும் சோளி, கண்ணாடி வைத்துத் தைத்த துணி எல்லாம் குஜராத், ராஜஸ்தான் பக்கத்துச் சரக்குதான். அதனால் டவுன்ஹாலில் பத்து ரூபாய்க்கு விற்கிற ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒரு இருபது வாங்கிப் போங்கள். முதல் நாளே தோழிகள் கிடைத்துவிடுவார்கள். விழாவில் கடை வரிசை ஒன்று இருக்கும், அங்கே அதே பொட்டு நாலு டாலருக்குத் தொங்குவதைப் பார்த்து உங்கள் கணக்குப் பிரிவு மூளை வேலை செய்யத் தொடங்கும். சும்மா கொடுக்கத்தான் கொண்டுபோகிறீர்கள். சுங்கத்தில் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும், விற்க என்று வாய் தவறிக்கூட வரக் கூடாது.